வழி காட்டியவன்

கொன்றவன் யார் என்று கேட்டால் நம் வீட்டுச் சிறுவனும் விடை சொல்லிவிடுவான். கொல்லச் சென்றவருக்கு வழி காட்டியவன் யார் என்று கேட்டால் பெரியவர்களே சற்றுத் தயங்குவர். கூலிக்கு வழி காட்டினான், அவனுக்கு என்ன தெரியும் என்பார் சிலர். தெரியாமலா காட்டினான் என்பார் வேறு சிலர். ஆசிரியப் பயிற்சி முடித்த நாள்முதல் இக்கேள்வியை யாம் எத்தனையோ வகுப்புகளில் கேட்டிருக்கிறோம். வேடன் வருகிறான், மான் எப்பக்கம் ஓடிற்று என்று வினவுகிறான், நீ பார்த்தாய், என்ன சொல்வாய்? உடனே வகுப்பு முழுவதும், "தெரியாது என்று சொல்வோம், டீச்சர்" என்று கூவும். அத்துடன் பாடம் முடியும், மணி அடிக்கும். அது அவ்வளவு எளிதில் முடியும் பாடம் அன்று என்பதை எமக்கு இந்த முதுமையில் மீண்டும் உணர்த்தியது ஒரு பழைய அமெரிக்கத் திரைப்படம் என்றால் அன்பர்கள் வியப்படையக்கூடும்.

கல்லூரியில் பயிலும் எம் பெயரன் விடுமுறைக்கு வந்திருந்தான். "பாட்டி, ஒரு கௌபாய்ப் படம் இருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்றான். துப்பாக்கியும் குடியும் குதிரையோட்டமும் நிறைந்த அவ்வகைப் படங்கள்மீது எமக்கு ஒருநாளும் விருப்பம் இருந்ததில்லை. "இதில் சண்டை கொஞ்சந்தான். பாலைவனத்தில் போய்க்கொண்டே இருப்பார்கள்" என்று வற்புறுத்தினான். பெயர் 'தி ஷூட்டிங்' என்றதும், படப்பிடிப்பைப் பற்றிய கதை போலும் என்று எண்ணிக்கொண்டோம். நம் ஊரில் ஷூட்டிங் என்றால் வேறு என்ன? அவன் சிரித்த சிரிப்பில்தான் அது துப்பாக்கிச் சூட்டைக் குறிப்பது என்று விளங்கிற்று. பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொண்டு அவனுடைய கணினியின்முன் அமர்ந்தோம். படம் எண்பது நிமிடங்களுக்குச் சற்று மிகுதி.

இது 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாலைநிலத்தில் எடுக்கப்பட்டது. இயக்கியவர் மான்டி ஹெல்மன். பின்னின்று பணம் தந்தவர் ரோஜர் கார்மன். குறைந்த செலவில் விரைந்து படமெடுப்பதில் பெயர் பெற்றவர். ஆட்களையும் குதிரைகளையும் அவ்வளவு தொலைவு கொண்டுசென்றபின் ஒரே படத்தோடு திரும்புவானேன் என்று இரண்டு படங்களை அடுத்தடுத்து எடுத்தார்கள். அடுப்பு எரியும்போதே இரண்டாவது உலையையும் ஏற்றிவிடும் இல்லத்தரசியின் கணக்கு அது. ஒவ்வொன்றிற்கும் சுமார் 75,000 டாலர், சுமார் மூன்று வாரம், அவ்வளவே. பின்னாளில் உலகப்புகழ் எய்திய ஜாக் நிக்கல்சன் அப்போது பெரிதும் அறியப்படாத இளைஞர். இரண்டிலும் நடித்ததோடு மற்றொரு படத்தின் கதையையும் அவரே எழுதினார். யாம் பார்த்த படத்திற்குக் கதை எழுதியவர் கரோல் ஈஸ்ட்மன் என்னும் பெண்மணி; ஏட்ரியன் ஜாய்ஸ் என்ற புனைபெயரில் எழுதினார்.

கையில் பணம் இல்லாமையே இப்படத்திற்கு நலமாய் முடிந்தது என்பது எம் கருத்து. ஊர்க்கூட்டம் இல்லை, காவலர் இல்லை, நீதிமன்றம் இல்லை. சில மனிதர், சில குதிரைகள், மணல், பாறை, வெயில் ஆகியவையே உண்டு. தவறு செய்பவனைத் தடுக்கவும் தண்டிக்கவும் வெளியார் எவரும் இல்லாத இடத்தில் மனிதன் என்ன செய்வான் என்று பார்ப்பதற்கு இதைவிட வெறுமையான நிலம் கிடைக்காது.

கதை இதுதான். வில்லெட் கேஷேட் என்பவன், தலைக்கு விலை வைக்கப்பட்ட குற்றவாளிகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்துப் பணம் பெறும் தொழிலை முன்பு செய்தவன். அதை விட்டுவிட்டு இப்போது கூட்டாளிகளோடு சுரங்கம் தோண்டுகிறான். பலநாள் கழித்து அவன் தன் இருப்பிடம் திரும்புகிறான். கூட்டாளிகளுள் ஒருவன் மறைவிலிருந்து சுடப்பட்டு இறந்துவிட்டான். கேஷேட்டின் உடன்பிறந்தான் காயின் என்பவனைக் காணவில்லை. எஞ்சியிருக்கும் கோலி என்னும் எளிய மனத்து இளைஞன் அச்சத்தால் நடுங்கிக்கொண்டிருக்கிறான். நகரத்தில் ஏதோ நடந்திருக்கிறது. காயின் குதிரையில் சென்றபோது யாரையோ மிதித்துக் கொன்றுவிட்டான் போலும். இறந்தவரில் ஒருவர் 'சிறியவர்' என்று மட்டும் சொல்லப்படுகிறது. குழந்தையாக இருக்கலாம். படம் அதற்குமேல் விளக்குவதில்லை.

மறுநாள் வெளியே துப்பாக்கி வெடிக்கும் ஒலி. பெயர் சொல்லாத இளம்பெண் ஒருத்தி நிற்கிறாள்; அருகே அவள் சுட்டுக்கொன்ற அவளுடைய குதிரை கிடக்கிறது. கால் முறிந்துவிட்டது, அதனால் சுட்டேன் என்கிறாள். அவ்வுயிரின் துன்பத்தை நீக்கியதாகவே சொல்வது அந்நாட்டு வழக்கம். நமக்கு அது உடன்பாடன்று, அது நிற்க. கேஷேட் குதிரையைப் பார்க்கிறான். பழகிய கண். அதற்கு ஒரு குறையும் இல்லை என்று கண்டுகொள்கிறான். ஐந்து பொறிகளும் மனமும் உடைய, நலமாய் நின்ற ஓர் உயிரை அவள் காரணமின்றிக் கொன்றிருக்கிறாள். அதைப் பற்றிப் பொய்யும் சொல்லுகிறாள். பிறகு அவள், கிங்ஸ்லி என்னும் ஊருக்குத் தன்னை அழைத்துச் சென்றால் ஆயிரம் டாலர் தருவதாகச் சொல்லுகிறாள். அவன் ஐயத்தோடு இசைகிறான். கோலியும் உடன் வருகிறான்.

எம்மை இப்படத்தோடு கட்டிப்போட்டது இந்தக் குதிரைதான். பின்னால் நிகழும் சூடுகளும் சாவுகளும் எத்தனையோ படங்களில் உள்ளவை. ஆனால் ஒரு மனிதனிடம், 'இவள் எத்தகையவள் தெரியுமா' என்று வாயில்லா ஓர் உயிர் தன் உடலையே சான்றாக வைத்துச் சொல்லியபின்னும் அவன் புறப்படுகிறானே, அவ்விடத்தில் யாம் எழுந்து நின்றுவிட்டோம். கால்வலியால் எழுந்ததாகப் பெயரன் நினைத்துக்கொண்டான்.

வழியில் அவன் பலமுறை வினவுகிறான். யாரைத் தேடுகிறாய்? ஏன்? உன் பெயர் என்ன? அவள் விடை சொல்வதில்லை. விடை சொல்லாதவளுக்கு வழி காட்ட மாட்டேன் என்று அவன் நின்றுவிடவும் இல்லை. கேட்கிறான், விடை வராவிட்டால் மேலே நடக்கிறான். விடை வேண்டாதவன் கேட்கும் கேள்வி எப்படி இருக்கும் என்பதை நாற்பதாண்டு வகுப்பறையில் இருந்த எமக்கு நன்றாகத் தெரியும். இடையில் கறுப்பு உடையணிந்த ஒருவன் பின்தொடர்ந்து வந்து சேர்கிறான். பில்லி ஸ்பியர் என்று பெயர். அவள் கூலிக்கு அமர்த்திய துப்பாக்கிக்காரன். நிக்கல்சன் இவனாக நடித்திருக்கிறார். வெயிலும் தாகமும் பெருகக் குதிரைகள் தளர்கின்றன. ஏறிச்செல்லக் குதிரை போதாமற்போன நிலையில் கோலியைப் பாலையில் விட்டுச் செல்லவேண்டும் என்கிறான் ஸ்பியர். கேஷேட் அதற்கும் இசைகிறான். திரும்பி வந்து அழைத்துச் செல்வேன் என்று வாக்களித்துவிட்டுப் போகிறான்.

அப்பால், மணல்வெளியின் நடுவே கால் முறிந்த தாடிக்காரன் ஒருவன் தனியே அமர்ந்திருக்கிறான். நீ தேடுபவன் இங்கிருந்து ஒருநாள் வழிதான் என்று அவன் அப்பெண்ணிடம் சொல்லுகிறான். அவள் ஒரு குப்பி நீரை அவனுக்குத் தருகிறாள். நலமாயிருந்த குதிரையைக் கொன்ற அதே கை, உயிர் காக்கும் நீரைக் கொடுக்கிறது. அவனும் வழி காட்டியவன்தான்; கூலி ஒரு குப்பி நீர். ஆயினும் அவன்மீது எமக்குக் குறைசொல்ல மனம் வரவில்லை. நாவறண்டு சாகக் கிடப்பவனிடம் ஆராய்ந்து பேசு என்று யார் சொல்ல முடியும்? அவனுடைய குதிரையைக் கோலி கண்டெடுத்து, அதில் ஏறி இவர்களைத் துரத்தி வருகிறான். ஸ்பியர் அவனைச் சுட்டுக் கொல்கிறான். கேஷேட் அவனை மணலில் புதைக்கிறான்.

கடைசியில் குதிரைகளும் இல்லை, நீரும் இல்லை. கேஷேட் ஸ்பியரை வீழ்த்தி, அவன் துப்பாக்கி பிடிக்கும் கையைக் கல்லால் நசுக்குகிறான். இதற்குள் அந்தப் பெண் பாறைமேல் ஏறும் ஒருவனை நெருங்கிவிட்டாள். கேஷேட் அவளைத் தடுக்க ஓடுகிறான். மேலே ஏறியவன் திரும்புகிறான். அவனுக்கும் கேஷேட்டின் முகமே. காயின்தான் அது. இருவராகவும் வாரன் ஓட்ஸ் என்னும் ஒரே நடிகர் நடித்திருக்கிறார். காட்சி மெதுவாக நகர, துப்பாக்கி வெடிக்கிறது. கேஷேட்டின் கை எட்டவில்லை. நொறுங்கிய கையோடு ஸ்பியர் வெயிலில் எங்கோ தள்ளாடிப் போகிறான். படம் முடிந்துவிடுகிறது.

இங்கே சற்று வழி விலகி ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தப் பெண்ணாக நடித்த மில்லி பெர்கின்ஸ், அதற்குமுன் 1959-இல் வெளிவந்த 'ஆன் பிராங்கின் நாட்குறிப்பு' என்னும் படத்தில் ஆன் பிராங்காக நடித்தவர் என்று பெயரன் சொன்னான். ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில், 1942 முதல் 1944 ஆகஸ்ட் 4 வரை, எட்டுப் பேர் ஒளிந்து வாழ்ந்தனர். நாஜிகளின் ஆட்கள் வந்து அவர்களைப் பிடித்துச் சென்றார்கள். எண்மரில் ஆனின் தந்தை ஒருவரே உயிர் மீண்டார். ஒளிந்திருந்த இடத்தை யாரேனும் காட்டிக் கொடுத்தார்களா, கொடுத்தது யார் என்பது போருக்குப்பின் பலமுறை விசாரிக்கப்பட்டும் ஐயமற நிறுவப்படவில்லை. துரத்தப்பட்ட சிறுமியாக நடித்தவரே ஆறாண்டுகள் கழித்துத் துரத்துபவளாக நடித்தார் என்பது தற்செயலே. எனினும் அதைக் கேட்டபின் யாம் அன்றிரவு ஆம்ஸ்டர்டாமை எண்ணிக்கொண்டிருந்தோம். எவரோ ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவு சொல்லியிருப்பார்? ஒரு தெருவின் பெயரையும் ஒரு கதவெண்ணையும் சொல்ல மூச்சு விடும் நேரம் போதும்.

இனி நம் நூல்கள் வழிநின்று பார்ப்போம். எம் அன்னையார் கையில் எப்போதும் ஜபமாலை இருக்கும். மணிகள் ஏன் நூற்றெட்டு என்று சிறுமியாய்க் கேட்டபோது அவர் கணக்காகவே சொல்லிக் கொடுத்தார். மனம், வாக்கு, காயம் என மூன்று. செய்யத் துணிதல், அதற்கு வேண்டியவற்றைச் சேர்த்தல், செய்யத் தொடங்குதல் என்று ஸம்ரம்பம், ஸமாரம்பம், ஆரம்பம் மூன்று. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என மூன்று. குரோதம், மானம், மாயை, லோபம் எனக் கஷாயம் நான்கு. பெருக்கினால் நூற்றெட்டு. வினை உள்ளே வருவதற்கு இத்தனை வாயில்கள் உள்ளன. ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு மணி என்பார். தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உள்ள கணக்கு இது என்பதைப் பின்னர்த் தெரிந்துகொண்டோம். கேஷேட்டின் மணி எது? கொல்லத் துணிந்தவன் அவன் அல்லன். ஆனால் கொலைக்கு வேண்டியவற்றைச் சேர்த்துக் கொடுத்தவன் அவனே: தடம் அறியும் கண், நீர் கிடைக்கும் இடம், பாதை. காயத்தால் செய்தான். லோபம் ஆயிரம் டாலர். அத்துடன், போனவன் தன் உடன்பிறந்தானோ என்று அறியும் ஆவலும் அவனுள் இருந்திருக்கலாம். அதை லோபம் என்று சொல்ல யாம் துணியோம்.

இதற்கு ஒரு தடை எழும். எம் மாணவர்களுள் அறிவுடையான் ஒருவன் எழுந்து கேட்பான்: அப்படியானால் குதிரைக்கு இலாடம் அடித்தவனும் குற்றவாளியா? துப்பாக்கிக்காரனுக்குச் சோறு சமைத்தவளும் குற்றவாளியா? நியாயமான கேள்வி. சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தாருக்குரிய கொல்லாமையை வரையறுக்கும்போது, சங்கற்பத்தால், அதாவது மனத்துணிவோடு, இயங்கும் உயிர்களைக் கொல்லாமையும் கொல்விக்காமையும் உடன்படாமையும் என்றே கூறுகிறார். அருங்கலச்செப்பும் அவ்வழி வந்த நூலே. கேஷேட்டிடம் அந்தச் சங்கற்பம் இல்லை. எழுத்தின்படி பார்த்தால் அவன் தப்பிவிடுகிறான். யசோதர காவியத்து மாக்கோழிக் கதையை நாம் அனைவரும் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். அங்கே வெட்டப்பட்டதில் உயிர் இல்லை, வெட்டியவன் உள்ளத்தில் எண்ணம் இருந்தது. அதனால் தாயும் மகனும் எத்தனை பிறவி உழன்றார்கள்! இங்கே எண்ணம் இல்லை, உயிர் இருந்தது. எண்ணமே வினைக்கு வேர் என்றால் இவனை விட்டுவிடலாம் அல்லவா?

பலகாலம் யாமும் அப்படியே எண்ணி ஆறுதல் கொண்டிருந்தோம். ஏன் ஆறுதல் தேவைப்பட்டது என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

ஆனால் அதே தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது சங்கற்பத்தைச் சொல்லவில்லை, பிரமாதத்தைச் சொல்கிறது. உள்ளம் விழிப்பற்றிருக்க, அதன் வழியே உயிருக்கு ஊறு நேர்வது ஹிம்சை. இலாடம் அடித்தவன் முன் எந்த அடையாளமும் இல்லை. சமைத்தவள் எதையும் காணவில்லை. இவனோ செத்த குதிரையைக் கண்டான். கண்டபின் கண்ணை மூடிக்கொண்டான். தெரியாமை வேறு, தெரிந்துகொள்ள விரும்பாமை வேறு. முன்னது குழந்தைக்கும் உண்டு. பின்னது வயது வந்தவர்கள் தமக்கென்று செய்துகொள்ளும் ஒரு வசதி. இப்படி நினைத்தபோதுதான் அந்தக் கடைசிக் காட்சியும் எமக்கு விளங்கிற்று. ஒரே நடிகர் இருவராக நடித்ததைப் பெரும் புதிராகச் சிலர் பேசுகிறார்களாம். எமக்கு அதில் புதிர் தோன்றவில்லை. ஒருவன் குதிரையை எங்கே விடுகிறோம் என்று பாராமல் விட்டு ஒரு சிறு உயிரை மிதித்தான். மற்றொருவன் எங்கே அழைத்துச் செல்கிறோம் என்று பாராமல் அழைத்துச் சென்றான். இருவரும் செய்தது ஒன்றே. முகமும் ஒன்றாக இருந்தது.

எம் கதைக்கு வருகிறோம். 1977-ஆம் ஆண்டு. வந்தவாசிப் பக்கத்தில் ஒரு சிற்றூரின் நடுநிலைப் பள்ளி. பணியேற்று ஆறாண்டுகள் ஆகியிருந்தன. சுற்றுச்சுவர் இல்லாத பள்ளி, பின்னால் ஏரிக்கரை, கரைமேல் நடந்தால் பேருந்து நிற்கும் சாலையை அடையலாம். ஒருநாள் நண்பகல் உணவு இடைவேளையில், எம்மிடம் எட்டாம் வகுப்புப் படித்த பெண் ஒருத்தி வந்தாள். திருமணமாகி இரண்டாண்டுகள் இருக்கும். "டீச்சர், கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள். வாங்கிக் குடித்தாள். நாற்காலியில் அமரச் சொன்னோம். கதவின் பின்புறம் சுவரோரமாகத் தரையில் அமர்ந்தாள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாய்வீட்டிற்குப் போவதாகச் சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை. யாமும் கேட்கவில்லை. சற்றுநேரத்தில் எழுந்து ஏரிக்கரைப் பாதையில் போய்விட்டாள்.

கால்மணி நேரம் கழிந்திருக்கும். அவள் கணவர் வந்தார். மரியாதையான பேச்சு. கைகூப்பினார். "டீச்சர், எங்க வீட்டுப் பொண்ணு இந்தப் பக்கம் வந்துச்சா?" என்றார். முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது. ஆனால் அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வரவில்லை; கீழே போட்டுவிட்டு வந்திருந்தார். அது புழுதியில் பக்கவாட்டில் கிடந்தது. பின்சக்கரம் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. யாம் அச்சக்கரத்தைப் பார்த்தோம். பார்த்தோம் என்பதை இன்றும் மறுக்க இயலாது. பார்த்துவிட்டு, "ஏரிக்கரையாகப் போனாள்" என்றோம்.

ஏன் சொன்னோம்? ஆசிரியை பொய் சொல்லலாகாது என்று ஒரு காரணம். கணவன் மனைவி விவகாரத்தில் தலையிடக் கூடாது என்று அக்காலத்துப் பள்ளிகளில் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது இன்னொன்று. அடுத்த பாடவேளைக்கு மணி அடிக்கும் நேரம் என்பது மூன்றாவது. உண்மையில் அதுவே முதலாவது என்று இப்போது தோன்றுகிறது. வாய்மை என்பது தீங்கில்லாத சொல்லே என்று குறளின் வாய்மை அதிகாரத்தை நடத்தியவர் யாம். பிறருக்கு இடர் விளைக்குமானால் உண்மையையும் உரைக்கலாகாது என்று சத்திய அணுவிரதத்திற்குச் சமந்தபத்திரர் வகுத்த இலக்கணத்தையும் படித்தவர் யாம். மான் கதையைச் சொல்லி வகுப்பைக் கூவ வைத்ததும் யாமே. வேடன் வில்லோடு வந்திருந்தால் அறிந்துகொண்டிருப்போம். அவர் சைக்கிளில் வந்தார், கைகூப்பினார்.

கரையில் அவளை எட்டிப் பிடித்துவிட்டார் என்றும் இடக்கை முறிந்தது என்றும் மறுநாள் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். கட்டுப் போட்டுக் கணவன் வீட்டிற்கே அழைத்துச் சென்றுவிட்டார்களாம். யாம் போய்ப் பார்க்கவில்லை. போவதாக இருந்தோம். தேர்வு வந்தது; பிறகு மழை; பிறகு பல நாள்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே பள்ளிக்கு, தன் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க அவள் வந்தாள். "நல்லா இருக்கீங்களா, டீச்சர்?" என்று கேட்டாள். விண்ணப்பத்தாளை இடது முழங்கையால் அழுத்திக்கொண்டு வலக்கையால் கையெழுத்திட்டாள். அந்த இடக்கை முழுவதும் நீளவில்லை. வழி சொன்னவர் யார் என்று அவளுக்குத் தெரியுமா என்று இன்றுவரை எமக்குத் தெரியாது. தெரிந்தும் மகளை எம்மிடம் சேர்த்தாளா, தெரியாமல் சேர்த்தாளா? கேட்டிருக்கலாம். அப்போதும் யாம் கேட்கவில்லை. அந்தச் சிறுமி மூன்றாண்டுகள் எம்மிடம் படித்தாள். அவளுக்கு மான் கதையை மட்டும் நடத்தவில்லை.

படம் முடிந்ததும் பெயரன் கேட்டான்: "பாவம், பாட்டி. அவனுக்குத் தெரியாதுதானே?" யாம் விடை சொல்லாமல், அந்தக் குதிரைக் காட்சியை மீண்டும் போடச் சொன்னோம். போட்டான். அப்பெண் நிற்கிறாள். குதிரை கிடக்கிறது. கேஷேட் பார்க்கிறான். "பார்த்துவிட்டான்" என்றான் பெயரன், தனக்குள் சொல்வதுபோல.

அதன்பின் அவனுக்கு அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொன்னோம். அதற்குமுன் எவரிடமும் சொன்னதில்லை. அவனுடைய தாத்தாவிடமும் சொல்லவில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இங்கே வரவேயில்லை என்று சொல்லியிருக்கலாமே, பாட்டி" என்றான்.

சொல்லியிருக்கலாம் என்றோம்.